மொட்டை ஹெரால்ட்

திருத்தணி மலைக்கு மேலே கார் நிறுத்துமிடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் நின்றால் போதும். இந்தப் பக்கம் சென்னையிலிருந்தும் அந்தப் பக்கம் சித்தூர், புத்தூரிலிருந்தும் அந்த வாரம் யார் என்ன வண்டி எடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். நம்பர் எழுதாத வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். பானெட்டில் ரோஜா மாலை, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சீட்டில் இன்னும் பிரிக்காத பாலிதீன் உறை. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்டதும் குடும்பமே கைதட்டும். முதல் தவணை இன்னும் ஆரம்பிக்காத முகங்கள் அப்படித்தான் பிரகாசமாக இருக்கும்.

விற்கிறவனுக்கு இந்த ஊரில் ஒரு சடங்கும் கிடையாது. "பழைய காரை நல்ல விலைக்குத் தள்ளிவிட்டேன், முருகனுக்கு ஓர் அர்ச்சனை" என்று யாரும் மலையேறி நான் பார்த்ததில்லை. கார் விற்பது என்றாலே நம்மவர்களுக்கு ஒரு கூச்சம். தெருவில் நாலு பேர் "வீட்ல எதுனா கஷ்டமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாவிட்டால் அவர்களே ஒரு பதில் தயாரித்துக்கொள்வார்கள். அதனால் விற்கிற காரியம் எப்போதும் விளக்கு வைத்த பிறகு, ஒரு புரோக்கரோடு, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நடக்கும். எங்கள் குடும்பத்தில் ஒரு கார் அப்படி விற்பனைக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது.

அது சித்தப்பாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1967 மாடல், மார்க் டூ, இரண்டே கதவு, வெள்ளைக்கும் க்ரீமுக்கும் நடுவில் ஒரு நிறம். அன்றைக்கு இந்தியாவில் கார் என்றால் மூன்றுதான். அம்பாசிடர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் பிறந்தது. ஃபியட் பம்பாயில், குர்லாவில். ஹெரால்ட் நம் வண்டலூரில். மூன்றில் இதுதான் உள்ளூர்ப் பிள்ளை என்பதால் சித்தப்பாவுக்கு அதன் மேல் ஒரு பாசம். உள்ளூர்ப் பிள்ளை என்று அவர் சொன்னாலும் ஜாதகம் வெளிநாடுதான். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்ட் என்று வந்த கார், வரைந்தவர் ஜியோவானி மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-லிருந்து அதை வண்டலூரில் செய்தது. 948 சி.சி. இன்ஜின். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். எங்கள் தெருவில் மாட்டு வண்டி திரும்ப முடியாத இடத்தில் சித்தப்பா ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுற்றித் திருப்புவார். திருப்பிவிட்டுத் தேவையில்லாமல் இன்னொரு முறையும் திருப்புவார்.

பானெட்டைத் திறப்பது தனி நாடகம். மற்ற கார்களுக்கு வாய் திறக்கிற மாதிரி ஒரு மூடிதான் திறக்கும். ஹெரால்டுக்கு மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பாகமே மொத்தமாகக் கவிழும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, டீ குடித்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். பின்பக்கம்தான் வம்பு. குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். பின் சீட்டில் பருமனாக மூன்று பேர் ஏறினால் பின் சக்கரங்கள் இரண்டும் கால் அகட்டி நிற்கும். நாட்டில் பாதி மெக்கானிக்குகளுக்கு அந்த அமைப்பு பிடிபடவே இல்லை. 1972-ல் ஹெரால்டின் இடத்துக்கு வந்த கெஸலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸில் போட்டார்கள். அதற்கு முன்பே, இந்தியக் குடும்பம் பின் சீட்டில்தான் உட்காரும் என்பதைக் கண்டுபிடித்து, 1968-ல் நாலு கதவு ஹெரால்ட் செய்தார்கள். உலகத்தில் வேறெங்கும் ஹெரால்டுக்கு நாலு கதவு கிடையாது. சித்தப்பா ஒரு வருஷம் பொறுத்திருந்தால் நாலு கதவு வாங்கியிருக்கலாம் என்று சித்தி சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். சாகிற வரைக்கும் என்றது சித்தப்பா சாகிற வரைக்கும். சித்தி இன்னும் நன்றாக இருக்கிறாள், இன்னும் சொல்கிறாள்.

சித்தப்பா அரசாங்கக் கால்நடை மருத்துவர். ஊரில் மாட்டு டாக்டர். மாமனார் தயவில் கார் வந்தது. கார் வந்து சில வருஷம் கழித்து யாரோ சிநேகிதர் அவரைச் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து விமானம் போன பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் கார்களை ஓட விட்டது. பிற்பாடு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் டிராக் வருகிற வரைக்கும் தென்னாட்டில் வேகத்துக்கு சோழவரம்தான் முகவரி. அங்கே ராஜா வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த வெளிநாட்டுக் கார்களுக்கு நடுவே, கூரையைக் கழற்றி எடை குறைத்த உள்ளூர்க் கார்களும் ஓடின. சித்தப்பா அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. தாழ்வாரத்தில் நின்று ஹெரால்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே கூரை போயிற்று.

இங்கே ஒரு தொழில் ரகசியம். ஃபியட்டின் கூரையை வெட்டினால் வண்டி நடுவில் தொங்கிவிடும், கதவு சாத்தாது. அதன் உடம்பே அதன் எலும்பு. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ். உடம்பைத் துண்டு துண்டாகச் செய்து மேலே போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதற்குக் காரணம் ஒரு வியாபாரத் தகராறு. டிரையம்ப் கார்களுக்கு முழு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனி பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி செய்து தர ஆள் இல்லை. சின்னச் சின்னப் பட்டறைகளில் தனித்தனித் தகடாகச் செய்து, கொண்டுவந்து சேர்த்து முடுக்கும்படி காரை வரைய வேண்டியதாயிற்று. அங்கே ஒரு முதலாளி இன்னொரு முதலாளியின் வயிற்றில் அடித்த புண்ணியத்தில், திருத்தணியில் ஒரு மாட்டு டாக்டர் ஸ்பானரை வைத்துக்கொண்டு ஒரே பகலில் தன் காரின் கூரையைக் கழற்ற முடிந்தது. முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் சில போல்ட், பின்னால் சில போல்ட். இரண்டு ஆள் பிடித்துத் தூக்கினால் மொத்தமாக வந்துவிடும்.

ஜீப்புக்குப் படுதா தைக்கிற ஒரு குஷன் கடைக்காரர் கறுப்பு ரெக்ஸினில் மடக்கு டாப் ஒன்று தைத்துக் கொடுத்தார். மழை வந்தால் அதை இழுத்து மாட்ட வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றிருக்கும்.

முடிகாணிக்கைக்குப் பேர்போன ஊரில் அந்தக் காருக்கு வேறு பெயர் வந்திருக்க வாய்ப்பே இல்லை. மொட்டைக் கார். "டாக்டர் எங்கே?" என்றால் "மொட்டைய எடுத்துகினு பள்ளிப்பட்டு போயிக்கிறாரு" என்பார்கள். சினிமாவில் அந்தக் காலத்துக் கதாநாயகர்கள் திறந்த காரில் பாடிக்கொண்டு போவார்கள், கதாநாயகியின் ஸ்கார்ஃப் காற்றில் பறக்கும். சித்திக்கும் அப்படி ஓர் ஆசை இருந்ததாக அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆனால் கோடம்பாக்கத்துக் காரில் காற்று மட்டும்தான் அடிக்கும். எங்கள் பக்கத்து ரோட்டில் கரும்பு லாரிகள் முன்னால் போகும். சித்தி தலையில் ஈரத்துண்டு கட்டி, முந்தானையால் மூக்கைப் பொத்தி உட்கார்ந்திருப்பாள். பின் சீட்டில் பல நாள் ஒரு கன்றுக்குட்டி. சித்தப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கேஸ். பின் சீட்டுக்குக் கதவு இல்லாத காரில் கன்றை மேலேயிருந்து இறக்க முடிந்தது என்பது ஒன்றுதான் அந்தக் கூரை நீக்கத்தால் விளைந்த உபயோகம் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நினைத்தோம்.

தப்பு. முகூர்த்த மாதம் வந்ததும் தெரிந்தது. ஜானவாசத்துக்குத் திறந்த கார் வேண்டும். மெட்ராஸில் அதற்கென்றே பழைய செவர்லே, பிளைமத் வைத்திருந்தார்கள். சீரியல் பல்பு போட்டு, மாப்பிள்ளையைப் பின் சீட்டு முதுகின் மேல் உட்கார வைத்து, முன்னால் நாதஸ்வரமும் பெட்ரோமாக்ஸும் போக, கார் நடக்கிற வேகத்தில் நகரும். திருத்தணியில் கல்யாணம் வைத்தவர்களுக்கு அவ்வளவு தூரத்திலிருந்து கார் கொண்டுவந்து கட்டுப்படியாகாது. சித்தப்பா வீட்டு வாசலில் தட்டோடு வந்து நிற்பார்கள். அரசாங்க உத்தியோகஸ்தர் என்பதால் வாடகை வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு வேட்டி. இந்தத் தாலுகாவில் எத்தனையோ மாப்பிள்ளைகள் அந்தப் பின் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்து கடைசி முறையாக ஊரைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தது அதே வாரத்தில் கன்றுக்குட்டி உட்கார்ந்த இடம் என்று சித்தி அடையாளம் காட்டுவாள்.

இனி விற்பனைக்கு வருவோம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நாட்டில் நடுத்தர உத்தியோகஸ்தர் எல்லாருக்கும் ஒரே ஜுரம். பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பெயர் பதிந்து காத்திருந்தார்கள். விலை 50 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஹெரால்டை விற்றால் மாருதிக்குக் கால்வாசிப் பணம் தேறும் என்று சித்தி கணக்குப் போட்டாள். சித்தப்பா அதிசயமாகச் சம்மதித்தார். மெட்ராஸ் இங்கிலீஷ் பேப்பரின் வரி விளம்பரத்தில் எழுத வேண்டும். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. அந்தக் காலத்து விளம்பர மொழியில் மிக உயர்ந்த பட்டம் 'டாக்டர் ஓட்டியது'. ஒரே கை, டாக்டர் ஓட்டியது என்று போட்டால், அந்த வண்டி வீட்டுக்கும் கிளினிக்குக்கும் இடையே மட்டும், இளைப்பாறியபடி போய்வந்திருக்கும் என்று அர்த்தம். சித்தப்பா அதைத்தான் போட்டார். பொய் ஒன்றும் இல்லையே.

பதில்கள் தபாலில் வந்தன. இன்லண்டு லெட்டரில் "அன்புள்ள ஐயா, தங்கள் விளம்பரம் கண்டேன்" என்று ஆரம்பித்து, குடும்ப க்ஷேமம் விசாரித்து, கடைசியில் விலை கேட்பார்கள். அவசரக்காரர் ஒருவர் டிரங்க் கால் போட்டார். நேரில் வந்தவர்கள் எல்லாருக்கும் சித்தி காபி போட்டாள், இரண்டு பேருக்கு மத்தியானச் சாப்பாடும். வந்தவர்கள் காரைப் பார்ப்பதற்கு முன்னால் எங்களைப் பார்த்தார்கள். எந்த ஊர், யார் வகையறா, பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறது. நல்ல குடும்பத்தில் இருந்த வண்டி நல்லபடியாகத்தான் இருந்திருக்கும் என்பது அவர்களுடைய இன்ஜினியரிங்.

அரக்கோணத்திலிருந்து ஒரு புரோக்கர் வந்தார். அவர் விவரமானவர். கர்ச்சீப்பில் சுற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, கதவு, மட்கார்டு எல்லாம் தடவிப் பார்த்தார். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். எங்கும் ஒட்டியது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். "இன்ஜின் பிரிக்கவே இல்ல போல கீது" என்று திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ஓர் அடி பின்னால் தள்ளி நின்று, முதல் முறையாக வண்டியை முழுசாகப் பார்த்தார்.

"டாக்டர், டாப்பு எங்க?"

"கழட்டி வச்சிக்கிறேன். இது ஸ்போர்ட்ஸ் மாடல்."

"சரி. நீங்க எந்த ஆஸ்பத்திரி டாக்டர்?"

சித்தப்பா சொன்னார். புரோக்கர் வெகு மரியாதையாகச் சிரித்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து சித்தப்பாவின் கை மேல் போர்த்தினார். மாட்டுச் சந்தை வழக்கம். துண்டுக்குக் கீழே விரலைப் பிடித்து விலை சொல்வது. பக்கத்தில் நிற்கிற எவனுக்கும் தெரியாது. கால்நடை மருத்துவருக்குச் சந்தை பாஷை தெரியாமல் இருக்குமா? புரோக்கர் நாலு விரலைப் பிடித்தார். நாலாயிரம். சித்தப்பா துண்டை உதறி எறிந்தார். திருத்தணி முருகன் சூரனை வென்ற சினம் தணிந்து அமர்ந்த இடம், அதனால்தான் இங்கே சூரசம்ஹாரத் திருவிழா கிடையாது என்பார்கள். அன்று எங்கள் வாசலில் அதற்கு ஒத்திகை நடந்தது.

அடுத்து வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே. கூரை இல்லாத வண்டியில் மழைக்கு என்ன செய்வது, பொண்டாட்டி பிள்ளை எப்படி ஏறுவது, பூட்டினால்தான் என்ன பாதுகாப்பு. குறையில்லாத வண்டி, ஒரே குறையினால் குறையாயிற்று. மாருதிக்குப் பத்தாயிரம் கட்டவில்லை. ஹெரால்ட் மாமரத்தடியில் நின்றது. வண்டலூர்த் தொழிற்சாலை 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரை முயன்று பார்த்துவிட்டு 1988-ல் ஓய்ந்தது. அதன் பிறகு உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் குவியலில் தேட வேண்டும். இப்போது நிலைமை தேவலை. இங்கிலாந்தில் ஹெரால்டுக்குப் பாகம் விற்கிற கடைகள் உண்டு, பார்சலில் வீட்டுக்கே வரும். நாற்பது மைல் தள்ளிச் செய்த காருக்கு ஐயாயிரம் மைல் தள்ளியிருந்து வாஷர் வருகிறது.

கழற்றிய கூரையைப் பற்றிச் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் அதை வைக்க இடமில்லை. நகரியில் அத்தை வீடு. அத்தையைக் கட்டிக்கொடுத்தபோது திருத்தணியும் நகரியும் ஒரே சித்தூர் மாவட்டம். பக்கத்து ஊரில் பெண் கொடுத்தோம். ம.பொ.சி. எல்லைக்காகப் போராடி, மத்தியஸ்தர் படாஸ்கர் பார்த்துச் சொல்லி, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்குப் போயிற்று. அத்தை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வெளிமாநிலத்துக்காரி ஆனாள். அவள் வீட்டுப் பின்கட்டில் ஆட்டுக்கொட்டகைக்கு ஓலை மாற்ற வேண்டியிருந்தது. சித்தப்பா கூரையை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார். நாலு காலில் ஏற்றிக் கட்டினார்கள். இத்தாலிக்காரர் வரைந்த கூரையின் கீழ் அசைபோட்ட ஆடுகள் ஆந்திராவில் அவை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கூரைக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. 1989 ஜூலையில் புது மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனியார் காராக இருந்தாலும் 15 வருஷம் ஆனால், அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் 'சலூன்' என்று இருக்கிறது. சித்தப்பா நியாயஸ்தர். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆடுகளை வேறு இடத்தில் கட்டச் சொல்லிவிட்டு, கூரையை டெம்போவில் வரவழைப்பார். கழுவி, பெயிண்ட் அடித்து, போல்ட் முடுக்கி, சேஸிஸ் நம்பருக்கு மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொண்டு போய்ப் புதுப்பித்து வருவார். மறுநாள் கூரை மாநில எல்லை தாண்டித் திரும்பிவிடும். "மொட்டைக்கு முடி மொளைச்சுக்குது" என்று அந்த ஒரு வாரம் ஊர் பேசும்.

சித்தப்பா காலமான பிறகு விற்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. முன்பு விற்பனைக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டு. இப்போது வேண்டியதைச் சொல்கிறேன். சொந்தக்காரர் இறந்துபோனால் வாரிசு மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு வாரிசுச் சான்று. அப்புறம் விற்க 29, 30. வேறு மாநிலத்துக்காரர் வாங்கினால் 28, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று. புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. காரை வெறுத்தே வாழ்ந்த சித்தி, சட்டப்படி அதன் இரண்டாவது சொந்தக்காரி ஆனாள். ஒரே கை என்ற பட்டமும் அதோடு போயிற்று.

என் மகள் நாலு படம் எடுத்துக் கைப்பேசியில் ஏற்றினாள். காபி போட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் முதலில் யாரும் வரவில்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். குடும்ப க்ஷேமம் கிடையாது, அன்புள்ள ஐயா கிடையாது. "லாஸ்ட் எவ்வளவு?" இதுதான் முதல் வரி, பல பேருக்கு ஒரே வரியும். முதல் விலையையே நான் இன்னும் சொல்லவில்லை, கடைசி விலையை எங்கிருந்து சொல்வேன்? ஒருத்தர் புல்லட்டுக்கு மாற்றிக்கொள்வீர்களா என்றார். ஒருத்தர் மேற்கொண்டு நான் பணம் தர வேண்டும் என்றார். ஒரு பையன் நேரில் வந்து, காருக்கு முன்னால் நின்று கையை ஆட்டிப் பேசி வீடியோ எடுத்துக்கொண்டு, வாங்குகிற பேச்சே பேசாமல் போய்விட்டான். அது பல ஆயிரம் பேர் பார்த்ததாம். பார்த்தவர்களில் பாதி கல்யாணப் படம் எடுக்கிற பிள்ளைகள். மணிக்கு என்ன வாடகை? பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்கு முன்பே பின் சீட்டில் உட்கார்ந்து, முடி பறக்கச் சிரித்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜானவாசத்தில் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்தார், வேட்டி கொடுத்தார்கள். இப்போது ஜோடியாக உட்காருகிறார்கள், ஜிபே பண்ணுகிறார்கள். கன்றுக்குட்டி கதையைச் சித்தி அவர்களிடமும் சொன்னாள். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது, கன்றுக்குட்டி கிடைக்குமா என்று கேட்டார்கள்.

இதில் வினோதம் என்னவென்றால், எல்லாருக்கும் பிடித்தது அந்த மொட்டைதான். எந்தக் குறைக்காக அரக்கோணத்துக்காரர் நாலு விரல் காட்டினாரோ, அதற்காகவே இப்போது லட்சக்கணக்கில் பேசினார்கள். அதற்குள் சட்டம் எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். பத்து வருஷப் பதிவு. பிறகு அந்த வண்டியைக் கண்காட்சிக்கு, பழைய கார் பேரணிக்கு, ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, பழுது பார்க்க மட்டும் எடுத்துப் போகலாம். வாடகைக்கு விடக் கூடாது, தினப்படி ஓட்டவும் கூடாது. காய்கறி வாங்கப் போனால் தப்பு, பெட்ரோல் போடப் போனால் சரி. சித்தப்பா இருந்திருந்தால் தினமும் பெட்ரோல் போடப் போயிருப்பார்.

நகரியிலிருந்து விசைத்தறி வைத்திருக்கிற ஒருவர் வந்தார். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. வண்டி பிடித்திருந்தது, பணம் இருந்தது. இங்கிருந்து அவர் வீடு பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆனால் 28-ம் நம்பர் படிவம், 45 நாள் கெடு, அங்கே மறுபதிவு, அங்கே வரி என்று நான் விளக்கியதும் எழுந்துவிட்டார். "அரவையாம் வருசமே எங்களோடவே இருந்திருக்கலாம் சார் நீங்க" என்றார். அறுபதாம் வருஷத்தைத்தான் சொன்னார் என்று பிறகு புரிந்தது. கார் விற்பதற்காக எல்லைப் போராட்டத்தை மறுபரிசீலனை செய்ய முடியுமா?

கடைசியில் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் வேலை. மோட்டார் ஸ்போர்ட்ஸ் தெரியும், மிக்கேலோட்டி தெரியும், எனக்கே தெரியாத நட்டுக்கு எனக்கே தெரியாத பெயர் தெரியும். பையிலிருந்து மெல்லிய மைக்ரோஃபைபர் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். காந்தம்! நாற்பது வருஷத்தில் மாறாமல் இருந்தது அது ஒன்றுதான். கதவிலும் மட்கார்டிலும் வைத்துப் பார்த்தார், ஒட்டியது. இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரவில்லை, அதற்குப் பதிலாகக் கைப்பேசியை இன்ஜின் பக்கத்தில் வைத்து சத்தத்தைப் பதிவுசெய்து யாருக்கோ அனுப்பினார். பதில் வரும்வரை சித்தி போட்ட காபியைச் சர்க்கரை இல்லாமல் குடித்தார்.

"அங்கிள், வெட்டலையே? கழட்டினதுதானே?"

"போல்ட்தான் தம்பி. ஒரு இடத்துல கூட ரம்பம் படலை."

"அப்போ ஒரிஜினல் டாப் இருக்கா? அது இருந்தா வின்டேஜ் பதிவு பண்ணிடலாம். டாப்போட குடுத்தா நீங்க கேக்கறதைத் தரேன். டாப் இல்லாம எனக்கு வேணாம்."

அதாவது எல்லாரும் பார்த்து மயங்குகிற மொட்டைக் காரை வாங்க வந்தவர், கூரை இருந்தால்தான் வாங்குவார். பதிவு முடிந்ததும் கழற்றிவிடுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். சித்தப்பாவின் சிரிப்பு.

அத்தை இப்போது இல்லை. ஆடுகளும் இல்லை. வீட்டில் பேரன் இருக்கிறான், கல்லூரி முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பவன். போனில் விஷயத்தைச் சொன்னேன். "அந்தத் தகரமா மாமா? பாத்துட்டுச் சொல்றேன்" என்றான். பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து என் மகள் கைப்பேசியை நீட்டினாள். பின்கட்டில் நாலு கம்பத்தின் மேல் நம் கூரை, நன்றாகத் துடைத்து, பக்கவாட்டில் வெயில் படும்படி படம் எடுத்திருந்தான். கீழே எழுதியிருந்தது:

ஹெரால்ட் மார்க் டூ டாப். ஒரிஜினல். ஒரே குடும்பம். டாக்டர் வீட்டுது. மழையில் ஓடாதது.

எந்த டாக்டர் என்று எழுதவில்லை. விலையும் போடவில்லை. நான் மகளிடமிருந்து கைப்பேசியை வாங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன்.

"லாஸ்ட் எவ்வளவு?"

உடனே பதில் வந்தது. "நேர்ல வந்து பாருங்க சார். டைம்பாஸ் ஆளுங்க வேணாம்."